உற்பத்தி ஊக்கத்தொகை மூன்றாம் வாரத்திலேயே படுத்துவிட்டது ஏன்? ஊக்கக் கோட்பாடுகளைப் படித்தவர்கள் விளக்க வேண்டும்

நூற்கண்டு (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ரவுண்ட் நெக் டி-ஷர்ட் தைத்துக் கொடுக்கும் சிறிய ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். இரண்டு லைன்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் இயந்திரங்களில் உட்காரும் டைலர்கள் பத்துப் பேர், கைமடி (டைலருக்குக் கட்டு தூக்கி உதவுவது), செக்கிங் வேலைகளுக்கு எட்டுப் பேர் என மொத்தம் பதினெட்டுப் பேர். அனைவருக்கும் ஷிப்ட் கணக்கில் கூலி. சனிக்கிழமை மாலை பட்டுவாடா. எட்டு மணி நேர ஷிப்டில் ஒரு லைனுக்குச் சராசரியாக 850 பீஸ் வந்துகொண்டிருந்தது.

சென்ற ஆண்டு குறுகிய கால மேலாண்மைப் பயிற்சி ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கே மாஸ்லோவின் தேவைப் படிநிலையை முக்கோணமாக வரைந்து காட்டி, அடித்தட்டுத் தேவைகள் நிறைவேறினால்தான் மேல்தட்டு ஊக்கம் பிறக்கும் என்று சொன்னார்கள். அதை நம்பிக் கழிப்பறையைப் புதுப்பித்தேன், குடிநீர் இயந்திரம் வைத்தேன், ஒவ்வொரு லைனுக்கும் கூடுதலாக நான்கு மின்விசிறிகள் மாட்டினேன். எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் பீஸ் எண்ணிக்கை 850-ஐ விட்டு அசையவில்லை.

அடுத்து ஊக்கத்தொகையை அறிவித்தேன். 850-க்கு மேல் வரும் ஒவ்வொரு பீஸுக்கும் 5 ரூபாய் லைனின் பொதுக் கணக்கில் சேரும். அதில் டைலருக்கு இரண்டு பங்கு, கைமடிக்கும் செக்கிங்குக்கும் ஒரு பங்கு. முதல் வாரம் 920, இரண்டாம் வாரம் 960 என்று ஏறியது. எல்லோரும் எளிதாக எட்டிவிடுகிறார்களே என்பதால் மூன்றாம் வாரத்தில் தொடக்க இலக்கை 900 ஆக்கினேன். அன்றிலிருந்து இரண்டு லைன்களும் தினமும் 905-க்கும் 910-க்கும் இடையிலேயே நின்றன. ஒரு நாள்கூட 920-ஐத் தொடவில்லை. இதற்கிடையில் ஆல்டர் பீஸ்கள் (பிழையால் திருத்தத் திரும்பி வருபவை) நூற்றுக்கு மூன்றாக இருந்தவை ஏழாகிவிட்டன. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஊக்கத்தொகையை நிறுத்தினேன். இப்போது 820-தான் வருகிறது, அதாவது நான் தொடங்கிய இடத்தைவிடக் கீழே.

பணத்தைத் தவிர வேறு எதுவும் வேலை வாங்காது என்பது என் மச்சானின் கட்சி. பணம் உண்மையான ஊக்கி ஆகாது என்றார் பயிற்சியாளர். என் அனுபவமோ இருவரையும் பொய்யாக்குகிறது. இந்தக் கோட்பாடுகளில் எது சரி? நான் எங்கே தவறினேன்?


மேலாண்மை ஆசிரியை:

வணக்கம் ஐயா. கோவையில் நிறுவன நடத்தையியல் பாடம் எடுப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கோட்பாடுகள் ஒரே கேள்விக்கான போட்டி விடைகளாகப் பிறந்தவை என்று வைத்துக்கொண்டால்தான் அப்படிக் கேட்க முடியும். அவை ஒவ்வொன்றும் எந்தக் கேள்வியை முன்வைத்து எழுதப்பட்டது என்பதைப் பார்த்தால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

மாஸ்லோ தம் கட்டுரையை 1943-இல் ஓர் உளவியல் ஆய்விதழில் வெளியிட்டார். அது மனித வாழ்க்கை முழுவதையும் பற்றிய சிந்தனை. தையல் லைனில் எத்தனை பீஸ் வரும் என்று கணிப்பதற்காக எழுதப்பட்டதன்று. அந்தக் கட்டுரையில் முக்கோணப் படமும் கிடையாது. பின்னால் வந்தவர்கள் வரைந்தது அது. படிகளின் வரிசை எல்லோருக்கும் ஒன்றுபோல் இறுகியதன்று என்று அவரே விதிவிலக்குகளை அடுக்கியிருக்கிறார். 1960-இல் டக்ளஸ் மெக்ரிகர் போன்றவர்கள் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்த பிறகுதான் மாஸ்லோ பயிற்சி வகுப்புகளின் நிரந்தர விருந்தாளி ஆனார்.

மின்விசிறிக்கும் கழிப்பறைக்கும் கிடைத்த விளைவை ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் ஓரளவு விளக்குகிறார். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஏறத்தாழ இருநூறு பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி அவரும் உடன் ஆய்வாளர்களும் 1959-இல் வெளியிட்ட நூலில், வேலையில் மனக்குறையை உண்டாக்குபவை ஒரு தொகுதி, மனநிறைவை உண்டாக்குபவை வேறொரு தொகுதி என்று பிரித்தார்கள். பணிச்சூழல், மேற்பார்வை, ஊதியம் போன்றவற்றைச் சுகாதாரக் காரணிகள் என்றார் ஹெர்ஸ்பெர்க். சாக்கடை சுத்தமாக இருந்தால் நோய் வராது. அதனாலேயே உடம்பில் பலம் ஏறிவிடாது. உங்கள் மின்விசிறிகள் முணுமுணுப்பைக் குறைத்தன. அவற்றிடம் பீஸ் கேட்டது உங்கள் தவறு. ஆனால் அவை வீண் செலவு என்று எண்ணிவிடாதீர்கள். மே மாதத்தில் ஆள் நிற்பதற்கும் ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

உங்கள் ஊக்கத்தொகைக்குப் பொருந்தும் கோட்பாடு விக்டர் வ்ரூம் 1964-இல் முன்வைத்த எதிர்பார்ப்புக் கோட்பாடு. முயன்றால் அந்த அளவை எட்ட முடியுமா, எட்டினால் சொன்னது கைக்கு வருமா, வருவது எனக்கு ஒரு பொருட்டா என்று தொழிலாளர் மூன்று கேள்விகளை மனத்துக்குள் கேட்டுக்கொள்கிறார். இவை பெருக்கல் கணக்கில் நிற்பவை. ஏதேனும் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். நீங்கள் 850-ஐ 900 ஆக்கியபோது இரண்டாவது கேள்விக்கான விடையை அழித்துவிட்டீர்கள். 960 தைத்ததற்குப் பரிசாகக் கிடைத்தது உயர்ந்த இலக்கு என்றால், நாளை 980 தைத்தால் என்ன கிடைக்கும் என்று கணக்கிட யாருக்கும் பட்டப்படிப்பு தேவையில்லை.

இதை அப்படியே காட்டும் பழைய சான்று ஒன்று உண்டு. சிகாகோவை அடுத்த ஹாதார்ன் தொழிற்சாலையில் 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தொலைபேசி இணைப்புப் பலகைகளுக்குக் கம்பி பூட்டும் பதினான்கு ஆண்களைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். குழு உற்பத்திக்கு ஏற்பக் கூலி கூடும் ஏற்பாடு அங்கேயும் இருந்தது. ஆயினும் நாளுக்கு இரண்டு பலகை என்று அவர்களே ஓர் அளவை வகுத்துக்கொண்டு அதற்குமேல் போகவில்லை. வேகமாக வேலை செய்தவரின் புயத்தில் சக தொழிலாளர்கள் ஒரு குத்து விடுவார்கள். கூடுதலாக உழைத்தால் கூலி விகிதம் குறைக்கப்படும் என்பது அவர்களின் அச்சம்.


பழைய லைன்:

இருபத்திரண்டு ஆண்டுகள் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அம்மா அவர்கள் சொன்னதை மறுக்கவில்லை; பென்சிலும் தாளும் எடுத்துக் கணக்காகவே பார்த்துவிடுவோம் என்று தோன்றியது.

பத்து டைலருக்கு இருபது பங்கு, மற்ற எட்டுப் பேருக்கு எட்டுப் பங்கு, ஆக 28 பங்கு. 850 இலக்காக இருந்தபோது 960 தைத்தால் 110 பீஸுக்கு 550 ரூபாய்; டைலருக்கு 39 ரூபாய் சொச்சம், கைமடிக்கு 19 ரூபாய் சொச்சம். இலக்கை 900 ஆக்கிய பிறகு அதே 960 தைத்தால் மொத்தம் 300 ரூபாய். டைலருக்கு 21 ரூபாய் சொச்சம். அதே உழைப்பு, அதே முதுகுவலி, கையில் வருவது கிட்டத்தட்டப் பாதி. 908 தைத்தால் மொத்தமே 40 ரூபாய், டைலருக்கு 3 ரூபாய்கூட முழுதாக இல்லை. பேக்கரியில் ஒரு டீ குடிக்கப் போதாது. அப்படியானால் 908 எதற்காக என்று கேட்பீர்கள். இலக்கை எட்டவில்லை என்று நீங்கள் திட்டக்கூடாது, மிஞ்சிவிட்டது என்று மறுபடியும் ஏற்றவும் கூடாது என்பதற்காகத்தான்.

உங்கள் கேள்வியில் என்னை நிமிர வைத்தது 820 இல்லை. தினமும் 905-க்கும் 910-க்கும் இடையில் என்று நீங்கள் எழுதிய வரிதான். எந்த லைனும் தன்போக்கில் அப்படி ஓடாது. ஒரு நாள் ஊசி உடையும், ஒரு நாள் கட்டிங் தாமதமாக வரும், நிறம் மாறினால் நூல் கோன் மாற்ற அரை மணி நேரம் போகும், திங்கட்கிழமை இரண்டு பேர் வரமாட்டார்கள். அத்தனையையும் மீறி எண்ணிக்கை ஒரே கோட்டில் நிற்கிறது என்றால் யாரோ அதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மாலையில் லைன் முடிந்ததும் ஒருமுறை குனிந்து மேசைகளுக்கு அடியில் பாருங்கள். டிக்கெட் போடாத, தைத்து முடித்த கட்டு ஒன்று அங்கே இருக்கும். நல்ல நாளில் மிஞ்சியதை மோசமான நாளுக்காகச் சேமித்து வைத்தது அது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நானே அதைக் கண்டும் காணாமல் விட்டவன். தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஒரு பனியன் கம்பெனியில் கழுத்து ரிப் வைக்கும் வேலைக்குப் பீஸ் ரேட் இருந்தது. புதிதாக வந்த பையன் ஒருவன் மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வைத்தான். இரண்டு சனிக்கிழமைச் சம்பளக் கவரைப் பார்த்த முதலாளி பீஸுக்குப் பத்துப் பைசா குறைத்தார். அந்தக் குறைப்பு அந்தப் பையனுக்கு மட்டுமின்றி எல்லோருக்கும் விழுந்தது. மறுவாரம் அவனுடைய மேசைக்கு மட்டும் கட்டுகள் தாமதமாகவே போய்ச் சேர்ந்தன. யாரும் அவனிடம் ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. மூன்றாம் வாரம் அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அதன் பிறகு நான் அங்கிருந்த ஆறு ஆண்டுகளில் அந்த வேலையில் எவரும் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டவில்லை, ரேட்டை மீண்டும் உயர்த்திய பின்னரும்கூட.

ஆல்டர் பற்றி ஒரு வரி போதும்: செக்கிங்குக்கு முன் எண்ணினீர்களா, பின் எண்ணினீர்களா? முன் எண்ணியிருந்தால், நீங்கள் எதற்குக் காசு கொடுத்தீர்களோ அதைத்தான் அவர்கள் கொடுத்திருக்கிறார்கள்.


மேலாண்மை ஆசிரியை:

பழைய லைன் ஐயா அவர்களுக்கு ஒரு செய்தி. ஹாதார்ன் அறையிலும் இதே வழக்கம் பதிவாகியிருக்கிறது. உண்மையான உற்பத்தி நாளுக்கு நாள் ஏறி இறங்கியபோதும், தொழிலாளர்கள் மிகுதியை ஒளித்து வைத்து, குறைந்த நாளில் சேர்த்துச் சொல்லி, சமமான எண்ணிக்கையையே அறிவித்துவந்தார்கள். தொலைபேசிப் பலகையை மேசைக்கு அடியில் மறைக்க முடியாததால் கணக்கை மறைத்தார்கள் போலும்.


புள்ளிவிவரன்:

பொருளாதார ஆய்வுத் துறையில் இருக்கிறேன். முன்னவர்கள் சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் ஹாதார்ன் சான்றைக் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டும். பதினான்கு பேர், ஒரே அறை, அமெரிக்காவின் பெருமந்த காலம். ஊரெங்கும் வேலை பறிபோய்க்கொண்டிருந்த நேரத்தில், வேகமாக முடித்தால் வேலையே தீர்ந்துபோகும் என்ற பயமும் அங்கே கலந்திருந்திருக்கும். அதே தொழிற்சாலையின் மற்ற சோதனைகளை 1967-இல் அலெக்ஸ் கேரி கடுமையாக விமர்சித்தார். வெளிச்சத்தை மாற்றினால் உற்பத்தி மாறுகிறதா என்று அங்கே பார்த்த விளக்குச் சோதனையின் பழைய தரவுகளை லெவிட், லிஸ்ட் இருவரும் மறுபடி ஆராய்ந்து, பாடநூல்கள் சொல்லும் அளவுக்கு அங்கே விளைவு இல்லை என்று 2011-இல் எழுதினார்கள். இலக்கை உயர்த்தினால் தொழிலாளர் உற்பத்தியைக் கட்டிப்போடுவார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்கு நம்மூருக்கு அருகிலான சான்றுகளே இருக்கும்போது சிகாகோ வரை போக வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து.

முதலாவது, பங்கீடு. டைலருக்கு இரண்டு, கைமடிக்கு ஒன்று என்று நீங்களே முடிவு செய்தீர்கள். தன் உழைப்புக்கும் தான் பெறுவதற்கும் உள்ள விகிதத்தை அடுத்தவரின் விகிதத்தோடு ஒப்பிட்டுத்தான் மனிதர் திருப்தியோ கசப்போ அடைகிறார் என்று ஸ்டேசி ஆடம்ஸ் 1963-இல் எழுதினார். ஒடிசாவில் 378 தொழிலாளர்களைக் கொண்டு எமிலி பிரேசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷம்தசானி மூவரும் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகச் சோதித்தது. ஒரே வேலையைச் செய்யும் சிறு குழுக்களில் சிலவற்றுக்குச் சமக் கூலியும் சிலவற்றுக்கு வேறுபட்ட கூலியும் கொடுத்தார்கள். சக தொழிலாளரைவிடக் குறைவாகப் பெற்றவர்களின் உற்பத்தி குறைந்தது. தினக்கூலியை இழந்துகூட வேலைக்கு வராமல் இருந்த நாள்கள் கூடின. ஆனால் யார் எவ்வளவு செய்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும் வேலைகளில் அந்தக் கசப்பு காணப்படவில்லை. ஆகவே வேறுபாடு கூடாது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. வேறுபாட்டுக்கான காரணம் பெறுபவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிறது. டைலர் வேகமெடுத்தால் கட்டு தூக்கும் கைமடிக்கும் வேகம் கூடத்தான் வேண்டும். அவருக்கு ஏன் பாதி என்பதை யாராவது அவரிடம் விளக்கினீர்களா?

இரண்டாவது, இனி 5 ரூபாயைப் பத்தாக்கலாமா என்ற எண்ணம் உங்களுக்கு வந்திருக்கக்கூடும். மதுரை வட்டாரக் கிராமங்களில் 87 பேரை வைத்து டான் ஆரியலி முதலான நால்வர் நடத்தி 2009-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். நினைவாற்றலும் கைத்திறனும் தேவைப்படும் ஆறு விளையாட்டுகள். நன்றாக ஆடினால் ஒரு விளையாட்டுக்கு ஒரு பிரிவினருக்கு 4 ரூபாய், இன்னொரு பிரிவினருக்கு 40, மூன்றாம் பிரிவினருக்கு 400. ஆறிலும் வென்றால் கிடைக்கக்கூடிய 2,400 ரூபாய் அன்றைய கிராமப்புறத்தில் ஒருவரின் ஏறத்தாழ ஐந்து மாதச் செலவுக்குச் சமம். 4 ரூபாய்க்கும் 40 ரூபாய்க்கும் ஆடியவர்களிடையே பெரிய வேறுபாடு இல்லை. 400 ரூபாய்க்கு ஆடியவர்களே மோசமாக ஆடினார்கள். கை நடுக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆய்வாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் வெறுமனே விசைகளை அழுத்தும் வேலையைக் கொடுத்தபோது கூடுதல் பணம் கூடுதல் வேகத்தையே தந்தது. தையல் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நேர்த்தையல் ஓட்டுவதற்குப் பணம் வேகம் தரலாம். கழுத்துப் பட்டி வளைவில் அதே வேகம் ஆல்டராகத் திரும்பி வரலாம்.

மூன்றாவது, 820. இதை எட்வர்ட் டெசியின் 1971-ஆம் ஆண்டுச் சோதனையோடு இணைத்துப் பேச யாராவது வருவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புதிர் விளையாடுவதற்குப் பணம் கொடுத்துப் பின் நிறுத்தினால், முன்பு ஆசைக்காக விளையாடியவர்களின் ஆர்வம் குறைகிறது என்பது அவர் கண்டது. நாளுக்கு 900 முறை அதே கழுத்தைப் பூட்டுபவரிடம் அப்படிக் கெட்டுப்போவதற்கு உள்ளார்ந்த விளையாட்டு ஆர்வம் எவ்வளவு இருந்திருக்கும் என்பது எனக்கு விளங்கவில்லை. எளிய காரணம் போதும்: கையில் வந்ததை எடுத்துக்கொண்டீர்கள், அவர்கள் கோபமாக இருக்கிறார்கள். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துச் செல்லத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தபோது தாமதம் கூடியது. அபராதத்தை நீக்கிய பின்னும் அது பழைய நிலைக்கு இறங்கவில்லை. ஒரு விதியைக் கொண்டுவந்துவிட்டுத் திரும்பப் பெற்றால் பழைய நாள் திரும்பி வருவதில்லை.


ஓவர்லாக்:

நான் முதலாளியும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக ஓவர்லாக் ஓட்டுகிறேன். நூற்கண்டு ஐயாவின் யூனிட்டில் நான் வேலை செய்யவில்லை, ஆனால் இதே போன்ற திட்டத்தை வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன். சனிக்கிழமைக் கவரில் ஷிப்ட் கூலி, ஒன்றரை ஷிப்ட் பார்த்த நாளின் காசு, முன்பணத்தில் பிடித்தது, ஊக்கத்தொகை எல்லாம் ஒரே தொகையாக வரும். எந்த நாளுக்கு எவ்வளவு கூடியது என்று கேட்டால், அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்பார்கள். கூடுதலாகத் தைத்த நாளையும் தைக்காத நாளையும் என் கையில் இருக்கும் காசு எனக்குப் பிரித்துக் காட்டாதபோது, அதற்காக நான் ஏன் டீ நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்?

இன்னொன்று. இலக்கை மாற்றுவதை அந்த நிர்வாகம் எங்களிடம் சொன்ன விதம், திங்கட்கிழமை காலை கரும்பலகையில் பழைய எண்ணை அழித்துப் புதிய எண்ணை எழுதியதுதான்.


மேலாண்மை ஆசிரியை:

ஓவர்லாக் சகோதரி எழுதிய கடைசி வரியை என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைகளில் நடந்த ஓர் ஆய்வு இதோடு நேராகத் தொடர்புடையது. எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்த ஊதிய உயர்வுக்குச் சற்று முன், தற்செயல் முறையில் தேர்ந்தெடுத்த தொழிலாளர்களிடம் மட்டும் பணிநிலை, மேற்பார்வையாளர், மனநிறைவு பற்றிப் பெயர் சொல்லாமல் கருத்துத் தெரிவிக்கச் சொன்னார்கள். கருத்துக் கேட்டதற்காக யாருடைய ஊதியமும் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. ஆயினும் கருத்துக் கேட்கப்பட்டவர்கள் வேலையை விட்டுப் போனது மற்றவர்களைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாக இருந்தது.

கேட்பதைத் தாண்டி ஏற்பாட்டையே அவர்கள் கையில் கொடுத்ததற்கு அகமதாபாத் காலிகோ ஆலை சான்று. 1953-இல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ. கே. ரைஸ் அங்கே ஒரு தானியங்கித் தறிக் கூடத்தைப் பார்த்தார். 224 தறிகள், 29 தொழிலாளர்கள், அவர்களுக்குள் பன்னிரண்டு வகை வேலைப் பிரிவுகள். புதிய இயந்திரம் வந்தும் உற்பத்தி உயரவில்லை. யார் யாருக்குப் பொறுப்பு என்பதே அந்தக் கூடத்தில் தெளிவாக இல்லை. குறிப்பிட்ட எண்ணிக்கையிலான தறிகளுக்கு ஒரு சிறு குழு முழுப் பொறுப்பு ஏற்பது என்ற யோசனை முன்வைக்கப்பட்டதும், தொழிலாளர்கள் தாங்களே குழு பிரித்துக்கொண்டு உடனே தொடங்கிவிட்டார்கள். காலப்போக்கில் திறன் உயர்ந்தது, சேதத் துணி குறைந்தது. ஆனால் பல ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்தின் எரிக் மில்லர் அங்கே திரும்பிச் சென்றபோது, அந்த முறை சில கூடங்களில் தேய்ந்து போயிருந்ததையும் கண்டார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.


நூற்கண்டு:

ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, பழைய லைன் ஐயாவுக்குக் கூடுதலாக ஒரு வணக்கம்.

அன்று மாலையே குனிந்து பார்த்தேன். ஊக்கத்தொகையை நிறுத்தி நாளாகியும் இரண்டாவது லைனில் பேட்லாக் மேசைக்கு அடியில் கட்டிங் வேஸ்ட் மூட்டைக்குப் பின்னால் எழுபது பீஸ் இருந்தது. நான் பார்த்துவிட்டதை மேற்பார்வையாளர் பார்த்தார். அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் எதுவும் கேட்கவில்லை. முகம் சிவந்தது எனக்குத்தான்.

மறுநாள் டீ நேரத்தில் இரண்டு லைன்களோடும் தனித்தனியாக உட்கார்ந்து, இலக்கை உயர்த்தியது என் தவறு என்று சொன்னேன். 850-க்கு மேல் 5 ரூபாய், தீபாவளி வரை மாற்றமில்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு படியை லைனில் ஒட்டினேன். எண்ணிக்கை இனி செக்கிங்குக்குப் பிறகுதான். அன்றன்றைய கணக்கும் ஒவ்வொருவர் பங்கும் மாலையிலேயே பலகையில் எழுதப்படும். சனிக்கிழமை அந்தக் காசு தனிக் கவரில் வரும். பங்கீட்டை அவர்களிடமே விட்டுவிட்டேன். முதல் லைன் எல்லோருக்கும் சம பங்கு என்று முடிவு செய்தது. இரண்டாவது லைனில் நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு டைலருக்கு மூன்று, மற்றவர்களுக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது தோன்றியே இருக்காது.

முதல் லைனின் சென்ற வார எண்ணிக்கை: 882, 941, 915, 968, 897, 930. ஏறி இறங்குவதைப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆல்டர் நூற்றுக்கு நான்கு. இரண்டாவது லைன் இன்னும் 860-ஐ ஒட்டியே நிற்கிறது. தீபாவளி கழிந்தால் நான் என்ன செய்வேன் என்று காத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இப்போது ஒரு சிக்கல். அடுத்த மாதம் காலர் வைத்த டி-ஷர்ட் ஆர்டர் வருகிறது. அதில் வேலை கூடுதல், 850 நடக்கவே நடக்காது. இலக்கைக் குறைக்க வேண்டும். பிறகு ரவுண்ட் நெக்குக்குத் திரும்பும்போது மறுபடியும் ஏற்ற வேண்டிவரும். அதைக் குறுக்கு வழியாக ஏற்றுகிறேன் என்று அவர்கள் எடுத்துக்கொள்ளாமல் எப்படிச் செய்வது?


பழைய லைன்:

ஆர்டருக்குத் துணி வெட்டுவதற்கு முன்பே லைனுக்கு இரண்டு டைலரையும் ஒரு கைமடியையும் அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சாம்பிளை அவர்கள் கையால் தைக்கட்டும். நேரத்தை அவர்களே பார்த்து எழுதட்டும், நீங்கள் கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்க வேண்டாம். அதிலிருந்து வரும் எண்ணைப் பேசி முடித்து, காலருக்கு இவ்வளவு, ரவுண்ட் நெக்குக்கு 850 என்று இரண்டையும் ஒரே தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒட்டுங்கள். பழைய தாளைக் கிழித்துவிட்டு அந்த இடத்தில் ஒட்டாதீர்கள். அதன் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.